ஆட் டாக்ஸி தொடரும் அதன் தொகுப்புத் திரைப்படமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2021ஆம் ஆண்டில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் வந்த 'ஆட் டாக்ஸி' என்னும் மர்ம அனிமே (ஜப்பானிய அசைவூட்டப் படம்) தொடரையும், அடுத்த ஆண்டில் திரையரங்குகளுக்கு வந்த 'ஆட் டாக்ஸி: இன் தி வுட்ஸ்' என்னும் தொகுப்புத் திரைப்படத்தையும் பார்க்க விரும்புவோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான விடைகள் இவை. கதையின் முடிச்சை அவிழ்க்கும் இரண்டு கேள்விகளைக் கடைசியில் வைத்திருக்கிறேன். தொடரை இன்னும் பார்க்காதவர்கள் அங்கே வரும் எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கதை எதைப் பற்றியது?

டோக்கியோவில் டாக்ஸி ஓட்டும் ஒடோகவாவுக்கு வயது 41. குடும்பம் கிடையாது, நண்பர்கள் ஓரிருவர்தாம், இரவில் தூக்கமும் வராது. வண்டியில் வானொலியைப் போட்டுக்கொண்டு, ஏறுகிறவர்களிடம் சுருக்கென்று பதில் சொல்லிக்கொண்டு நாளைக் கடத்துகிறார். நெரிமா பகுதியைச் சேர்ந்த பள்ளி மாணவி ஒருத்தி காணாமற்போகிறாள். அவள் கடைசியாக ஏறிய வண்டி ஒடோகவாவுடையது என்ற சந்தேகம் எழுகிறது. வண்டியின் முன்கண்ணாடியில் பொருத்தப்பட்ட கேமராப் பதிவைத் தேடிக் காவல்துறையினர் ஒரு பக்கமும் ரௌடிகள் இன்னொரு பக்கமும் வருகிறார்கள். புதிதாகக் கிளம்பிய 'மிஸ்டரி கிஸ்' என்னும் பாடகிகள் குழு, பெயர் எடுக்கத் தவிக்கும் நகைச்சுவை இரட்டையர், இணையத்தில் ஒரே நாளில் புகழ்பெறத் துடிக்கும் கல்லூரி மாணவன், லாட்டரியில் நூறு கோடி யென் விழுந்த ரசிகன் என்று ஒருவரோடொருவர் தொடர்பில்லாதவர்களாகத் தோன்றும் பலருடைய வாழ்க்கை இந்த ஒரே டாக்ஸியின் பின்னிருக்கையில் வந்து சேர்கிறது.

பாத்திரங்கள் அனைவருமே விலங்கு உருவில் வரையப்பட்டிருக்கிறார்கள். ஒடோகவா ஒரு வால்ரஸ். அவருக்குப் பரிச்சயமான செவிலியர் ஷிரகவா அல்பாக்கா. மருத்துவர் கோரிக்கி கொரில்லா. அண்ணன் தம்பியான இரு காவலர்கள் மீர்கட்டுகள்.

விலங்குகளை வைத்து வரைந்திருக்கிறார்களே, இது குழந்தைகளுக்கான தொடரா?

இல்லை. மிரட்டிப் பணம் பறித்தல், துப்பாக்கி, கொலை, கடன் தொல்லை, தற்கொலை முயற்சி எல்லாம் இதில் உண்டு. ரத்தம் அதிகம் தெறிப்பதில்லை. ஆனால் பேச்சும் கவலைகளும் முழுக்கப் பெரியவர்களுடையவை. டிவி டோக்கியோவில் இது நள்ளிரவுக்குப் பிறகே ஒளிபரப்பானது.

யார் உருவாக்கியது?

நாவலையோ மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதையையோ தழுவாமல் நேரடியாக அனிமேயாகவே எழுதப்பட்ட கதை இது. 2021 ஏப்ரல் முதல் ஜூன் வரை 13 பாகங்களாக வந்தது. இயக்கியவர் பாகு கினோஷிதா; திரைக்கதை கசுயா கொனோமோதோ. கொனோமோதோ அடிப்படையில் மங்கா படைப்பாளி. இரண்டு பேரை ஓரிடத்தில் உட்காரவைத்து வெறும் பேச்சாலேயே கதையை நகர்த்தும் திறமைக்காக அறியப்பட்டவர். ஓ.எல்.எம்., பி.ஐ.சி.எஸ். ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து தயாரித்தன. இசையை பன்பீ, வாவா, ஓ.எம்.எஸ்.பி. என்னும் மூன்று ஹிப்ஹாப் கலைஞர்கள் அமைத்தார்கள். இரவில் ஈரச் சாலையில் ஊர்ந்துபோகும் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான இசையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

முதல் இரண்டு மூன்று பாகங்களில் வெறும் பேச்சாகவே இருக்கிறதே, எப்போதுதான் கதை தொடங்கும்?

தொடரைப் பாதியில் விட்டவர்களில் பெரும்பாலோர் சொல்லும் காரணம் இதுதான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் கதை முதல் நிமிடத்திலேயே தொடங்கிவிடுகிறது. அது பேச்சின் வடிவில் வருவதால் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

முதல் பாகத்தில் வரும் கபசவா என்ற மாணவனை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியில் ஏறியதிலிருந்து தன் பதிவு ஒன்று இணையத்தில் எப்படியாவது பரபரப்பாக வேண்டும் என்பதையே அவன் பேசிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு ஒடோகவா கொடுக்கும் பதில்களைக் கேட்டால் இது வெறும் நகைச்சுவைக் காட்சி என்றே தோன்றும். ஆனால் அவன் எடுக்கும் ஒரு செல்ஃபியின் பின்னணியில், எவருடைய படம் வெளியே போகக் கூடாதோ அவரும் விழுந்துவிடுகிறார். அங்கிருந்து தொடங்கும் சங்கிலி பல பாகங்கள் கடந்து வேறு ஒருவருடைய கழுத்தில் போய்ச் சுற்றுகிறது. இப்படி நாம் சிரித்துக் கடந்துபோன வாக்கியங்களில் பல பின்னால் சாட்சியமாகத் திரும்பி வருகின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தத் தொடரில் குரலை முதலில் பதிவுசெய்து, பிறகு அந்தப் பேச்சுக்கு ஏற்பவே படம் வரைந்தார்கள். பேச்சின் நடுவே வரும் தயக்கமும், ஒருவர் முடிப்பதற்குள் மற்றவர் குறுக்கிடுவதும் இவ்வளவு இயல்பாக இருப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். நகைச்சுவை இரட்டையராக வரும் ஷிபாகாக்கி, பாபா இருவருக்கும் குரல் கொடுத்தவர்கள் 'டயான்' என்னும் உண்மையான மன்சாய் இரட்டையர். மன்சாய் என்பது இருவர் எதிரெதிரே நின்று பேசும் ஜப்பானிய மேடை நகைச்சுவை; ஒருவர் அசட்டுத்தனமாகப் பேச, மற்றவர் உடனுக்குடன் திருத்துவார். ஒடோகவாவின் பேச்சு முழுவதுமே இந்தத் திருத்துகிறவரின் தொனியில் அமைந்தது என்பதைப் பிடித்துக்கொண்டால், முதல் மூன்று பாகங்கள் எவ்வளவு இறுக்கமாக எழுதப்பட்டவை என்பது புரியும்.

நான்காம் பாகத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே, ஏன்?

அது வரை டாக்ஸியைச் சுற்றி நடந்த கதையை அப்படியே நிறுத்திவிட்டு, நாம் அறியாத தனாகா என்பவன் தன் வாழ்க்கையைத் தானே சொல்லும் பாகம் அது. ஏறத்தாழ முழுப் பாகமும் அவன் ஒருவனுடைய குரல்தான்.

தொடக்கப் பள்ளியில் அவன் படிக்கும்போது வகுப்பு முழுவதும் விதவிதமான அழிப்பான்களைச் சேர்க்கும் மோகம் பரவுகிறது. அந்தப் பந்தயத்தில் பின்தங்கிவிட்ட தனாகா, டோடோ பறவை வடிவிலான அரிய அழிப்பான் ஒன்று இணைய ஏலத்தில் இருப்பதைக் கண்டு, எதிரே விலை ஏற்றிக்கொண்டே போகும் முகம் தெரியாத ஒருவரோடு போட்டியிட்டு, தந்தையின் கடன் அட்டையை வைத்து ஒரு லட்சம் யென் வரை கேட்டுவிடுகிறான். வளர்ந்த பிறகு அழிப்பானின் இடத்தைக் கைபேசி விளையாட்டு ஒன்று பிடித்துக்கொள்கிறது. அதிலும் அவன் தேடுவது அதே டோடோவைத்தான். சம்பளத்தையும் உறக்கத்தையும் அதில் கொட்டி, ஒருநாள் அந்த டோடோ கிடைத்தும் விடுகிறது. அந்த நிமிடத்திலேயே தெருவில் நடக்கும் ஒரு சிறு அசம்பாவிதத்தில் கைபேசி போய்விடுகிறது. அந்த இழப்புக்கு அவன் ஒருவரைப் பொறுப்பாளியாக்குகிறான்.

ஒரு குற்றவாளி எப்படி உருவாகிறான் என்பதை இவ்வளவு சின்னஞ்சிறு பொருள்களைக் கொண்டு சொன்ன வேறொரு அனிமேயை நான் பார்த்ததில்லை. அழிப்பான் ஒன்றின் விலை திரையில் படிப்படியாக ஏறும்போது எனக்கு உண்மையாகவே உள்ளங்கை வியர்த்தது. தனாகாவை நம்மால் மன்னிக்க முடியாது. ஆனால் அவன் எங்கே தடுக்கி விழுந்தான் என்பதை விரல் வைத்துக் காட்ட முடியும்.

ஆங்கில சப்டைட்டிலை நம்பிப் பார்த்தால் எதை இழப்போம்?

இரண்டு இடங்களில் இழப்பு உண்டு. யானோ என்னும் முள்ளம்பன்றி ரௌடி பேசுவதெல்லாம் ராப். வாக்கியந்தோறும் இறுதி ஒலிகள் ஒத்து வரும். நம் யாப்பில் இயைபு என்று சொல்வோமே, அந்த வகை. அவருக்குக் குரல் கொடுத்த மெட்டியோர் ஒரு ராப் கலைஞர். சப்டைட்டில் போடுபவர்கள் எவ்வளவு முயன்றாலும் பொருளையும் இயைபையும் ஒருசேரக் கொண்டுவருவது கடினம். ஆகவே யானோ வரும்போது எழுத்தைப் படித்துவிட்டு, அதே காட்சியை மீண்டும் ஓட்டிக் காதால் மட்டும் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, பெயர்கள். ஜப்பானிய மொழியில் 'கபா' என்றால் நீர்யானை. கபசவா ஒரு நீர்யானை. பாபா என்ற பெயரை எழுதும் எழுத்துகளில் முதலாவது குதிரையைக் குறிப்பது; பாபா ஒரு குதிரை. கோரிக்கி என்ற பெயரைக் கேட்டதுமே கொரில்லா நினைவுக்கு வரும். ஜப்பானியர் இதை முதலில் குழந்தைக் கதைகளில் வரும் விளையாட்டுப் பெயர் என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். நமக்கோ அந்த விளையாட்டு இருப்பதே தெரியாது.

மற்றபடி, மூலக் குரல்களோடு பார்ப்பதையே பரிந்துரைக்கிறேன். 'டெமன் ஸ்லேயர்' தொடரில் தன்ஜிரோ என்னும் பதின்வயதுச் சிறுவனாகப் பேசிய நட்சுகி ஹனாயேதான் இங்கே சலிப்பும் களைப்பும் ஏறிய 41 வயது ஓட்டுநராகப் பேசுகிறார். தெரியாமல் கேட்பவர் இரண்டும் ஒரே தொண்டை என்று நம்பமாட்டார்.

தொகுப்புத் திரைப்படம் என்றால் என்ன? இது வியாபாரத்துக்காகச் செய்வதுதானே?

தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் காட்சிகளை வெட்டி ஒட்டித் திரையரங்குக்கு ஏற்ற நீளத்தில் தருவதை ஜப்பானில் 'சோஷூஹென்' என்கிறார்கள். வருவாய் நோக்கம் இருப்பதில் ஐயமில்லை. ஆனாலும் இதற்கு மதிப்புள்ள மரபும் ஒன்று உண்டு. 1979இல் தொடங்கிய 'மொபைல் சூட் கண்டம்' தொடரின் 43 பாகங்கள் 1981, 1982 ஆண்டுகளில் மூன்று திரைப்படங்களாகச் சுருக்கப்பட்டபோதுதான் அந்தக் கதை பெருங்கூட்டத்தைச் சென்றடைந்தது. ஆகவே தொகுப்பு என்ற ஒரே காரணத்துக்காக ஒரு படத்தை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தொகுத்தவர் எதை விட்டார், எந்த வரிசையில் வைத்தார், ஏன் வைத்தார் என்றே கேட்க வேண்டும்.

'இன் தி வுட்ஸ்' அந்தக் கேள்விக்கு எப்படி விடை சொல்கிறது?

2022 ஏப்ரல் 1 அன்று வெளியான இந்தப் படம் சுமார் இரண்டு மணி நேரம் ஓடுகிறது. நிகழ்ச்சிகள் முடிந்தபின் பாத்திரங்கள் ஒவ்வொருவராகக் கேமராவின் முன் அமர்ந்து, தமக்குத் தெரிந்ததைச் சாட்சியமாகச் சொல்வதாகப் படம் அமைக்கப்பட்டிருக்கிறது. தொடரில் நாம் பார்த்த காட்சிகள் அந்தச் சாட்சியங்களுக்கு இடையே, சொல்பவரின் நினைவாக வந்து போகின்றன.

படத்தின் பெயரைக் கேட்டவுடன் ஜப்பானிய வாசகருக்கு ரியுனோசுகே அகுதாகவா 1922இல் எழுதிய 'புதருக்குள்' என்ற சிறுகதை நினைவுக்கு வந்திருக்கும் என்று நம்புகிறேன். ஒரு கொலையைப் பற்றி விறகுவெட்டி தொடங்கி, ஆவியாக வரும் கொலையுண்டவன் வரை ஏழு பேர் சொல்லும் வாக்குமூலங்கள் மட்டுமே அந்தக் கதை; ஒன்றோடொன்று பொருந்தாத அந்த வாக்குமூலங்களுக்கு நடுவே உண்மை எது என்று ஆசிரியர் சொல்வதில்லை. உண்மை தெரியாமலே போன விவகாரத்தை 'புதருக்குள் இருக்கிறது' என்று சொல்லும் வழக்கே ஜப்பானிய மொழியில் அதிலிருந்து வந்ததுதான். அகிரா குரோசவாவின் 'ரஷோமோன்' படத்தின் கதையும் பெரும்பாலும் அதிலிருந்து எடுக்கப்பட்டது.

ஆனால் இரண்டுக்கும் இடையே ஒரு முக்கியமான வேறுபாட்டைப் பார்க்கிறேன். அகுதாகவாவின் சாட்சிகள் ஒருவரையொருவர் மறுக்கிறார்கள். இந்தப் படத்தின் சாட்சிகளோ பெரும்பாலும் ஒருவரையொருவர் மறுப்பதில்லை. ஒவ்வொருவரும் தன் கைக்கு எட்டிய துண்டை மட்டும் அறிந்திருக்கிறார்கள், அது முழு உருவம் என்று நம்பிக்கொண்டும் இருக்கிறார்கள். தன் செயல் அடுத்த தெருவில் யாரை வீழ்த்தியது என்பது அவர்களில் எவருக்கும் முழுமையாகத் தெரியாது. முழுவதையும் அறிந்தவர் தொடரைப் பார்த்து முடித்த பார்வையாளர் மட்டும்தான். அந்த நிலையில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்கும்போது ஏற்படும் கனம், தொடரை இரண்டாம் முறை பார்த்தாலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அப்படியானால் நேரம் இல்லாதவர்கள் படத்தை மட்டும் பார்த்தால் போதாதா?

போதாது. ஏறத்தாழ 24 நிமிடம் வீதம் 13 பாகங்கள் என்றால் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். படத்தில் இருப்பது அதில் பாதிக்கும் குறைவு. குறைந்த நேரம் என்பதைவிட, வரிசை மாறியிருப்பதே பெரிய தடை.

தொடரைப் பார்க்காத என் தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து இந்தப் படத்தை ஒருமுறை ஓட்டினேன். அரை மணி நேரத்துக்குள் அவன் மூன்று முறை படத்தை நிறுத்தச் சொல்லி, "இது யார், முன்னாடி வந்தவரா?" என்று கேட்டான். நான்காம் முறை கேட்கவில்லை, கைபேசியை எடுத்துவிட்டான். தவறு அவனுடையது அன்று, என்னுடையது. அடுத்த வாரம் தொடரின் முதல் பாகத்தைப் போட்டுக் கொடுத்தேன். மூன்று இரவுகளில் முடித்துவிட்டு, படத்தை மறுபடி பார்க்கலாமா என்று அவனே வந்து கேட்டான்.

படத்தில் முதலில் பலியாவது வீண்பேச்சுதான். சுருக்குகிறவர்கள் கதைக்குத் தேவையான உரையாடலை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட வேண்டியிருக்கிறது. இந்தத் தொடரின் உயிரோ தேவையற்றதுபோல் தோன்றும் பேச்சில்தான் இருக்கிறது. ஒடோகவாவின் நண்பர் கக்கிஹனா, பொருத்தம் பார்க்கும் செயலியில் தன் வருமானத்தைக் கூட்டி எழுதி, தன்னைவிட மிக இளைய பெண்ணோடு பழகத் தொடங்கும் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். தொடரில் அவர் அந்தப் பொய்யை நோக்கி நகர்வதை, மதுக்கடைப் பேச்சுகளின் வழியே, கூச்சத்தோடும் ஆசையோடும் படிப்படியாகப் பார்க்கிறோம். அந்தப் படிகளை எடுத்துவிட்டால் அவர் ஏமாந்த ஒரு நடுத்தர வயதுக்காரர் மட்டுமே. தனாகாவின் பாகமும் ஒரே மூச்சில் கேட்கும்போது கொடுக்கும் அதிர்ச்சியைத் துண்டுதுண்டாகக் கொடுப்பதில்லை.

தொடரை முடித்தவுடனே படத்தைப் பார்க்கலாமா?

சில வாரங்கள் விடுங்கள். எல்லாம் பசுமையாக நினைவில் இருக்கும்போது பார்த்தால், பார்த்த காட்சியே மீண்டும் வருகிறது என்ற அலுப்பு முந்திக்கொள்ளும். காட்சிகள் சற்று மங்கி, பாத்திரங்கள் மட்டும் மனத்தில் நிற்கும் சமயத்தில், அவர்கள் நேராக நம்மைப் பார்த்துப் பேசுவது பழகியவர்களை நெடுநாள் கழித்துச் சந்திப்பது போல இருக்கும்.

தொடர் வந்த காலத்திலேயே யூடியூபில் ஒலி நாடகங்களும் வெளியாயின. அதே கதையின் ஓரங்களில் நடக்கும் உரையாடல்கள் அவை. தொடரைப் புரிந்துகொள்ள அவை கட்டாயமில்லை, ஆனால் ஜப்பானிய மொழி ஓரளவு தெரிந்தவர்கள் தவறவிடக் கூடாது. 2024இல் டிவி டோக்கியோ ஒளிபரப்பிய 'ரூட்' நடிகர்களைக் கொண்டு எடுக்கப்பட்ட கிளைத்தொடர். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

(இங்கிருந்து முடிச்சு அவிழ்கிறது.) விலங்கு உருவம் பற்றிய உண்மை கடைசியில் தெரியும்போது, அது பார்வையாளரை ஏமாற்றும் வேலையாகாதா?

அவர்கள் எவரும் விலங்குகள் அல்லர். சிறுவயதில் பெற்றோருடன் கார் கடலுக்குள் பாய்ந்த நிகழ்ச்சியின் பின்விளைவாக, ஒடோகவாவின் கண்ணுக்கு மட்டும் மனிதர்கள் விலங்குகளாகத் தெரிகிறார்கள். நாம் பன்னிரண்டு பாகங்களுக்கு மேல் பார்த்தது ஒரு நோயாளியின் பார்வையை.

மர்மக் கதையில் நேர்மை என்பது துப்பை வாசகர் கண்முன் வைப்பது. அப்படிப் பார்த்தால் இவ்வளவு துணிச்சலான நேர்மையை நான் வேறெங்கும் கண்டதில்லை. துப்பு ஏதோ ஒரு மூலையில் ஒளித்து வைக்கப்படவில்லை. முதல் சட்டகத்திலிருந்தே திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. அனிமே என்றால் விலங்குகளும் பேசும் என்ற நம் பழக்கமே அதைப் பார்க்கவிடாமல் செய்தது. நகைச்சுவை இரட்டையரின் பெயர் என்ன என்று நினைவிருக்கிறதா? 'ஹோமோ சேப்பியன்ஸ்'. நீர்யானைகளும் குரங்குகளும் நடமாடும் ஊரில் பன்றியும் குதிரையும் தம்மை அப்படி அழைத்துக்கொள்வதை நாம் ஒரு வேடிக்கை என்றே எடுத்துக்கொண்டோம். அவர்கள் தம்மைப் பற்றிய உண்மையை வானொலியிலும் மேடையிலும் உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

பெயர்களைப் பற்றி முன்னே சொன்னதை இங்கே மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். கபசவா நீர்யானையாகவும் பாபா குதிரையாகவும் தெரிவது படைப்பாளி வைத்த விளையாட்டு என்பதோடு, ஒருவருடைய பெயரும் சாயலும் ஒடோகவாவின் மூளையில் எந்த விலங்கை எழுப்பினவோ அந்த விலங்காகவே அவர் அவரைக் கண்டார் என்றும் கொள்ளலாம். இது என் வாசிப்பு. தொடர் இதை வெளிப்படையாகச் சொல்வதில்லை.

தொடரின் கடைசிக் காட்சியில் நிறுத்தியதைப் படம் தொடர்ந்தது சரிதானா?

வண்டி நீருக்குள் பாய்ந்து, ஒடோகவா பிழைத்து, பார்வை தெளிந்து, மீண்டும் டாக்ஸி ஓட்டத் தொடங்குகிறார். ஒரு பயணி ஏறுகிறார். அவர் யார், என்ன செய்தவர் என்பது நமக்குத் தெரியும். மனித முகங்களைப் புதிதாகப் பழகிக்கொண்டிருக்கும் ஒடோகவாவுக்குத் தெரியாது. தொடர் அத்தோடு முடிகிறது. குணமானதாலேயே அவர் ஆபத்துக்குள்ளாகிறார் என்ற அந்த முரண் என்னை ஒரு வாரம் விடவில்லை.

படம் அந்தக் கணத்துக்குப் பின் நடந்ததைக் காட்டுகிறது. திறந்தே விட்டிருக்க வேண்டும் என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு மணி நேரமாகத் தத்தம் துண்டுகளை மட்டும் பேசிய அத்தனை சாட்சிகளையும் கேட்ட பிறகு, இந்த ஓட்டுநர் மீது அக்கறை கொண்டவர்கள் இத்தனை பேர் இருந்திருக்கிறார்களே என்ற எண்ணம் வந்துவிடுகிறது. முதல் பாகத்தில் எவரும் இல்லாத தனியறையில் உறங்காமல் படுத்திருந்தவர் அவர். அதனால் அந்தக் கூடுதல் நிமிடங்கள் எனக்கு வேண்டியிருந்தன. கதவு திறந்து, அந்தப் பயணி பின்னிருக்கையில் உட்காரும் நொடியில், இம்முறை நான் பின்பார்வைக் கண்ணாடியில் தெரியும் ஒடோகவாவின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.